அயல் இல்லாத நகரமும் அணையாத திரையும்

இணையத்துக்கு அடிமையாதல் என்றதும் எமது நினைவுக்கு வருபவர்கள் பிள்ளைகள்தான். பாடசாலைகளில் நடைபெறும் பெற்றோர் கூட்டங்களில் இதுபற்றி நிறையப் பேசப்படுகின்றது. பிள்ளையின் கையில் போனைக் கொடுக்க வேண்டாம் என்று அறிவுரை வழங்கப்படுகின்றது. அந்த அறிவுரையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் தாயும் தகப்பனும் இரவு 12 மணிக்குத் தமது போனில் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. பெரியவர்களைக் கண்டிப்பதற்கு ஆசிரியர் இல்லை. "என்னால் நிறுத்த முடியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்வதற்குப் பெரியவர்களுக்கு வெட்கமாகவும் இருக்கின்றது.

இக்கட்டுரை பெரியவர்களைப் பற்றியது. ஊரை விட்டு நகரத்துக்கு வந்து, வாடகை அறைகளிலும் அனெக்ஸ்களிலும் வாழும் பெண்களோடு வேலை செய்யும்போது நான் அடிக்கடி காணும் விடயம் இது. வேலை முடிந்து வந்து, சமைத்து, பிள்ளைகளை நித்திரையாக்கிய பின் "ஐந்து நிமிடம்" என்று கையில் எடுத்த போன், கீழே வைக்கப்படும்போது நேரம் இரண்டு மணியாகி விடுகின்றது. மறுநாள் உடம்பு நோகின்றது, பிள்ளைகள் மீது எரிச்சல் வருகின்றது, தையல் வேலை தேங்கிப் போகின்றது. அடுத்த இரவும் அதுவே நடக்கின்றது. இதனைச் சோம்பல் என்றோ ஒழுக்கக் குறைவு என்றோ முடிவு கட்டுவதற்கு முன், நகர வாழ்க்கைக்கும் இந்தப் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் ஆராயப்பட்ட ஒரு குடும்பப் பெண்

இணைய அடிமைத்தனம் பற்றிய ஆய்வுகள் தொடங்கிய காலத்திலேயே அது பெரியவர்களின் பிரச்சினையாகவும் இனங்காணப்பட்டிருந்தது. அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1996 ஆம் ஆண்டில் ஒரு பெண்ணின் நிலைமையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அப்பெண்ணுக்கு 43 வயது. இல்லத்தரசி. கணினித் துறையோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர். தமது குடும்ப வாழ்க்கை திருப்தியானது என்றே கூறியவர். முன்னர் வேறு எந்தப் பழக்கத்துக்கும் அடிமைப்பட்டவரும் அல்லர். உளநோய்க்குச் சிகிச்சை பெற்றவரும் அல்லர். வீட்டுக்குக் கணினி வந்து சில மாதங்களுக்குள் வாரமொன்றுக்கு 50 முதல் 60 மணித்தியாலங்களை இணைய அரட்டை அறைகளில் கழிக்கத் தொடங்கினார். அவரது குடும்ப உறவுகள் பெரிதும் பாதிக்கப்பட்டன.

கணினிப் பித்துப் பிடித்த இளைஞர்களுக்குத்தான் இது வரும் என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. அந்த எண்ணம் தவறு என்பதைக் காட்டவே யங் இப்பெண்ணைப் பற்றி எழுதினார். அப்பெண்ணைக் கணினியிடம் இழுத்தது தொழில்நுட்பம் அல்ல. கதைப்பதற்கு அங்கே ஆட்கள் இருந்தார்கள். தாமும் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்ற உணர்வு அவருக்கு அங்கே கிடைத்தது. வீடு நிறைய வேலை இருந்தும், கதைக்க ஆளில்லாத ஒரு பெண்ணின் நிலைமையை எமது வாசகியருக்கு விளக்கத் தேவையில்லை.

நகரம் மனிதரை என்ன செய்கின்றது?

ஜேர்மனிய சமூகவியலாளர் ஜோர்ஜ் சிம்மல் 1903 ஆம் ஆண்டில் பெருநகர வாழ்க்கையும் மனித உளமும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் வாழ்ந்த பேர்லின் நகரம் அப்போது மிக வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. கிராமத்தில் நாம் ஒரு நாளில் காணும் முகங்கள் குறைவு. அவை எல்லாம் தெரிந்த முகங்கள். நகரத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கான முன்பின் தெரியாத முகங்களைக் கடந்து போகிறோம். எல்லோருக்கும் மனதால் பதிலளிக்க முற்பட்டால் நாம் தாங்கமாட்டோம். ஆகவே நகரவாசி தம்மைச் சுற்றி ஒரு வேலியைப் போட்டுக்கொள்கிறார். பார்த்தும் பாராதவர் போல நடக்கப் பழகுகிறார். பக்கத்து வீட்டில் இருப்பவர் யார் என்று தெரியாமலே வருடக்கணக்கில் வாழ்கிறார். இதுவே சிம்மல் கூறியதன் சாரம்.

நகரம் சுதந்திரத்தையும் தருகின்றது என்பதையும் அவர் மறக்கவில்லை. இது எமக்கு முக்கியமானது. கணவனை இழந்த பல சகோதரிகள் நகரத்துக்கு வந்ததற்கு வேலை மட்டும் காரணமல்ல. நல்ல காரியத்துக்குப் போகும்போது எதிரே வரக்கூடாது என்று சொல்வோரும், என்ன நிறத்தில் சேலை உடுத்தாள் என்று பார்ப்போரும், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாள் என்று கணக்கு வைப்போரும் நகரத்தில் குறைவு. ஆனால் அந்தக் கண்களோடு சேர்த்து, காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டு வரும் கையும் இல்லாமற் போய்விடுகின்றது. நகரத்தில் ஒரு பெண் பெறுவதும் இழப்பதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அந்த இழப்பின் இடத்தில்தான் போன் வந்து அமர்கின்றது.

தென் கொரியாவின் அனுபவம்

பெரியவர்களின் கட்டுக்கடங்காத இணையப் பாவனையை ஒரு நாடே எதிர்கொண்டதற்கு நல்ல உதாரணம் தென் கொரியா. அந்நாட்டைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. 1950 முதல் 1953 வரை நடந்த போரில் அந்நாடு சிதைந்தது. குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அதன்பின் மக்கள் கிராமங்களை விட்டு நகரங்களுக்குக் குவிந்தார்கள். 1960 இல் தலைநகர் சியோலின் சனத்தொகை சுமார் 24 இலட்சம். 1990 இல் அது ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. ஒரே தலைமுறைக்குள் வயலும் முற்றமும் போய் அடுக்குமாடி வீடுகள் வந்தன. 2004 இல் இரு நாடுகளுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின் பின் எமது நாட்டிலிருந்தும் பலர் அங்கே தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

1997 இன் இறுதியில் ஆசியப் பொருளாதார நெருக்கடி கொரியாவைத் தாக்கியது. சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் பெற வேண்டி வந்தது. பெருந்தொகையானோர் வேலை இழந்தனர். காலையில் வேலைக்குப் போவது போல வீட்டை விட்டு வெளிக்கிட்டு, போக இடமில்லாமல் திரிந்த ஆண்கள் அப்போது பலர். அதே காலத்தில்தான் 'பிசி பாங்' எனப்படும் இணைய விளையாட்டு நிலையங்கள் பெருகின. 'பாங்' என்றால் கொரிய மொழியில் அறை. 24 மணித்தியாலமும் திறந்திருக்கும், கட்டணம் மிகக் குறைவு, உள்ளே சாப்பாடும் கிடைக்கும், ஏன் வந்தாய் என்று எவரும் கேட்க மாட்டார்கள். 1998 இல் வெளிவந்த 'ஸ்டார்கிராப்ட்' என்ற விளையாட்டு இந்நிலையங்களை நிரப்பியது. 2000 களின் தொடக்கத்தில் நாடு முழுவதிலும் 20,000 இற்கும் மேற்பட்ட நிலையங்கள் இருந்தன.

விளைவுகள் சில வருடங்களில் வெளிப்பட்டன. 2005 ஓகஸ்ட் மாதத்தில் டேகு நகரத்தில் 28 வயதான ஒருவர் இத்தகைய நிலையமொன்றில் ஏறக்குறைய 50 மணித்தியாலங்கள் விளையாடியபின் இறந்து போனார். மலசலகூடத்துக்குப் போகவும் சிறிது நேரம் கண்ணயரவும் மாத்திரமே அவர் எழுந்திருந்தார். அண்மையில் வேலையை விட்டிருந்தவர் அவர். மகன் வீடு திரும்பாததால் அவனைத் தேடிப் பார்க்கும்படி தாய் முன்னாள் வேலைத் தோழர்களைக் கேட்டிருந்தார். அவர்கள் வந்தபோது, இந்த விளையாட்டை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சில நிமிடங்களில் உயிர் பிரிந்தது.

2010 மார்ச் மாதத்தில், சியோலுக்கு அண்மையிலுள்ள சூவோன் நகரத்தில் ஒரு கணவனும் மனைவியும் கைது செய்யப்பட்டனர். இணையத்தில் சந்தித்துத் திருமணம் செய்தவர்கள் அவர்கள். இருவருக்கும் வேலை இல்லை. ஒவ்வோர் இரவும் பல மணித்தியாலங்கள் இணைய நிலையத்தில் இருந்து, கற்பனைக் குழந்தை ஒன்றை வளர்க்கும் விளையாட்டை விளையாடினார்கள். அவர்களது சொந்தக் குழந்தை மூன்று மாதக் கைக்குழந்தை. வீட்டில் தனியே விடப்பட்ட அக்குழந்தை போதிய பாலின்றி 2009 இல் இறந்து போனது. இச்செய்தியைப் படிக்கும் எந்தத் தாய்க்கும் கோபம் வரும். ஆயினும் சமூகப் பணியாளர் ஒருவர் கோபத்தோடு நின்றுவிட முடியாது. அந்த வீட்டின் கதவைத் தட்டி "குழந்தை எப்படி இருக்கிறது?" என்று கேட்க ஓர் அயலவர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கின்றது.

கொரிய அரசாங்கம் 2002 இலேயே இணைய அடிமைத்தனத் தடுப்புக்கான உளவளத்துணை நிலையத்தை அமைத்தது. 2011 இல் ஒரு சட்டமும் கொண்டு வந்தது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளில் ஈடுபட முடியாது என்பதே அச்சட்டம். பத்து வருடம் நடைமுறையில் இருந்த பின் அது நீக்கப்பட்டது; 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இல்லை. பெரியவர்களை அச்சட்டம் தொடவே இல்லை. இதற்கிடையில் விளையாட்டு நிலையத்தின் இடத்தைப் போன் பிடித்துக்கொண்டது. அந்நாட்டு அரசாங்கம் வருடந்தோறும் நடத்தும் கணக்கெடுப்பின்படி, 2021 இல் மக்களில் 24.2 சதவீதமானோர் ஸ்மார்ட் போனில் அளவுக்கு மீறித் தங்கியிருப்பதாகக் கண்டறியப்பட்டது. ஏறக்குறைய நால்வரில் ஒருவர்.

இன்று சியோல் நகரத்தின் வீடுகளில் மூன்றில் ஒன்றுக்கும் அதிகமானவை ஒருவர் மாத்திரம் வாழும் வீடுகள். 2024 ஒக்டோபரில் அந்நகர நிர்வாகம் தனிமையைக் குறைப்பதற்கென ஐந்து வருடத் திட்டமொன்றை அறிவித்தது. 24 மணித்தியாலமும் அழைக்கக்கூடிய தொலைபேசிச் சேவை அதில் ஒன்று. தனியே இருப்பவர்கள் வந்து இருந்து, ஒரு கோப்பை நூடில்ஸ் சாப்பிட்டு, யாரோடாவது கதைத்துவிட்டுப் போகக்கூடிய சிறு நிலையங்கள் மற்றொன்று. இத்திட்டம் இணையப் பாவனைக்காகக் கொண்டுவரப்பட்டதல்ல. ஆனாலும், உலகின் மிக வேகமான இணைய வசதி கொண்ட நகரங்களில் ஒன்று, மனிதர் இருந்து கதைக்க ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் தேவை என்ற முடிவுக்கு வந்திருப்பது நாம் கவனிக்க வேண்டிய விடயம்.

தூண்டிலில் உள்ள சூழ்ச்சி

தனிமை ஒரு பக்கம். மறுபக்கத்தில், போனில் உள்ள செயலிகள் எம்மைப் பிடித்து வைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. இதனை அறிந்துகொண்டால் "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று எம்மை நாமே நோகும் பழக்கம் குறையும்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துப் பல பரிசோதனைகள் செய்தார். கொத்தும் ஒவ்வொரு தடவையும் தானியம் கிடைத்த புறா, தானியம் வருவது நின்றதும் விரைவில் கொத்துவதை விட்டுவிட்டது. எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது என்று தெரியாதபடி இடைக்கிடை தானியம் கிடைத்த புறாவோ இலகுவில் நிறுத்தவில்லை, கொத்திக்கொண்டே இருந்தது. அதிர்ஷ்டலாபச் சீட்டு வாங்குபவரின் மனமும் இப்படித்தான் வேலை செய்கின்றது. முகநூலைத் திறக்கும்போதும் இதுவே நடக்கின்றது. பத்துத் தடவை திறந்தால் ஒன்பது தடவை ஒன்றுமில்லை. பத்தாவது தடவை ஊர்க்காரர் ஒருவரின் படம், பழைய சிநேகிதியின் செய்தி, ஒரு நல்ல பாட்டு. அந்தப் பத்தாவதுக்காக மற்ற ஒன்பதையும் திறக்கிறோம்.

முன்பு பத்திரிகையில் கடைசிப் பக்கம் இருந்தது. தொலைக்காட்சி நாடகம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. முடிவு வரும்போது நாம் எழுந்து அடுத்த வேலையைப் பார்த்தோம். 2006 இல் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். அதன் விளைவைக் கண்டு பின்னாளில் அவரே பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். 2009 இல் முகநூல் 'விருப்பம்' தெரிவிக்கும் பொத்தானை அறிமுகப்படுத்தியது. அந்நிறுவனத்தின் முதலாவது தலைவராக இருந்த ஷோன் பார்க்கர், மனித மனதின் பலவீனம் ஒன்றைத் தெரிந்துகொண்டே பயன்படுத்தினோம் என்று 2017 இல் ஒப்புக்கொண்டார். நாளெல்லாம் உழைத்துக் களைத்த ஒரு பெண் நள்ளிரவில் போனைக் கீழே வைக்க முடியாமல் தவிக்கும்போது, அவர் எதிர்த்து நிற்பது ஒரு சிறிய திரையோடு மட்டும் அல்ல.

எமது நகரங்களில்

வவுனியா, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நகரங்களிலும், கொழும்பில் வெள்ளவத்தை போன்ற பகுதிகளிலும், கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலைகளைச் சூழவுள்ள போர்டிங் அறைகளிலும் வாழும் எமது பெண்களில் பலர் வேலை தேடி மாத்திரம் நகரத்துக்கு வந்தவர்கள் அல்லர். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகளும், 1995 இல் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் நடந்தவர்களும், 2009 இல் வன்னியிலிருந்து உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். ஒரு தடவை அல்ல, பல தடவை அயலை இழந்தவர்கள். கிணற்றடி, கோயிலடி, சங்கக்கடை, படலையில் நின்று கதைக்கும் பின்னேரம் எல்லாம் ஒவ்வோர் இடப்பெயர்விலும் கைவிட்டுப் போனவை. தறப்பாள் கொட்டில் முகாம்களில் எத்தனையோ துன்பம் இருந்தும், பக்கத்துக் கொட்டிலில் அழுகைச் சத்தம் கேட்டால் எழுந்து போக முடிந்தது. பூட்டிய அறையில் அதுவும் இல்லை.

இந்த நிலையில் போன் செய்யும் நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமல்ல. உறவுகள் கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் மத்திய கிழக்கிலும் சிதறியிருக்கும் ஒரு சமூகத்துக்கு அது குடும்பம் கூடும் முற்றம். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது பிள்ளைகளின் பாடமே போனில்தான் நடந்தது. பல வீடுகளுக்கு ஸ்மார்ட் போன் அப்போதுதான், அதுவும் தவணைக் காசுக்கு, வந்து சேர்ந்தது. பாடசாலைகள் திறந்தன, போன் வீட்டில் தங்கிவிட்டது.

2022 இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்ட நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அது கொடிய காலம். எரிவாயு வரிசையும் பால்மா வரிசையும் எவருக்கும் மீண்டும் வர வேண்டாம். ஆனால் சார்ஜ் முடிந்த போன்களை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து இருந்தபோதுதான் மேல் மாடியில் இருப்பவரின் பெயரை முதன்முதலாகக் கேட்டேன் என்று சொன்ன சகோதரிகளை நான் சந்தித்திருக்கிறேன். மின்சாரம் வந்தது, கதவுகள் மீண்டும் மூடிக்கொண்டன. அந்த வாசற்படியை மின்வெட்டு இல்லாமலே நாம் திரும்பப் பெற வேண்டும்.

தேடலை நோய் என்று சொல்லாதீர்கள்

இங்கு ஒரு விடயத்தைத் தெளிவாகக் கூற வேண்டும். போரின் முடிவில் காணாமற் போன பிள்ளையின் முகம் எங்காவது தெரியுமா என்று பழைய காணொளிகளையும் படங்களையும் இரவிரவாகத் தேடும் தாய்மார் எம்மிடையே இருக்கிறார்கள். ஒரே காணொளியை நூறு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். "அம்மாவுக்குப் போன் பைத்தியம்" என்று வீட்டிலுள்ள இளையவர்கள் பகிடி பண்ணுவதை நான் கேட்டிருக்கிறேன். இது பைத்தியம் அல்ல, அடிமைத்தனமும் அல்ல. பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லாததால் தொடரும் தேடல்.

ஆயினும் அந்தத் தேடல் தாயின் நித்திரையையும் இரத்த அழுத்தத்தையும் சாப்பாட்டையும் தின்கின்றது. போனைப் பறிப்பது அதற்குத் தீர்வு அல்ல. பறித்தால் பிள்ளையை இரண்டாம் தடவை இழந்தது போல அவர் உணர்வார். தனியே, இருட்டில் பார்ப்பதை மாற்றி, பகலில், பக்கத்தில் ஒருவரோடு பார்க்கச் செய்வதே நாம் செய்யக்கூடியது. மகளோ மருமகளோ அருகில் இருந்து "எங்கே அம்மா, காட்டுங்கோ பாப்பம்" என்று கேட்டாலே போதும். பார்த்து முடிந்ததும் ஒரு தேநீர் போட்டுக் குடித்து, அந்தப் பிள்ளையைப் பற்றிக் கதைக்க விடுங்கள்.

எப்போது கவனிக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்டு 2022 இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் 'விளையாட்டுக் கோளாறு' ஒரு நோயாகச் சேர்க்கப்பட்டுள்ளது. பொதுவான இணையப் பாவனை தனி நோயாக அதில் சேர்க்கப்படவில்லை. எனவே எவருக்கும் நாமாக நோய்ப் பெயர் சூட்ட வேண்டாம். ஆனால் அந்த நோய்க்குக் கூறப்படும் மூன்று அடையாளங்கள் எமக்கும் அளவுகோலாக உதவும். ஒன்று, தொடங்குவதையும் நிறுத்துவதையும் கட்டுப்படுத்த முடியாமற் போவது. இரண்டு, சாப்பாடு, நித்திரை, வேலை, பிள்ளைகள் எல்லாவற்றையும் விட அதுவே முதலிடம் பெறுவது. மூன்று, தீங்கு நடக்கின்றது என்று தெரிந்தும் தொடர்வது. இவை ஓரிரு நாட்கள் அல்ல, நீண்ட காலம் நீடிக்க வேண்டும். நோய் என்று முடிவு செய்வதற்குப் பொதுவாக ஒரு வருடம் வரை பார்க்கிறார்கள்.

எத்தனை மணித்தியாலம் பார்க்கிறோம் என்பதை விட, போனை வைத்த பின் மனம் எப்படி இருக்கின்றது என்பது முக்கியம். அக்காவோடு ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டு வைக்கும்போது மனம் பாரம் குறைந்திருக்கும். முன்பின் தெரியாதவர்களின் திருமண வீடுகளையும் புது வீடுகளையும் ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு வைக்கும்போது மனம் வெறுமையாக இருக்கும். இரண்டும் ஒரே போன்தான். இரண்டும் ஒன்றல்ல.

என்ன செய்யலாம்?

முதலில் நித்திரையைக் காப்பாற்றுங்கள். படுக்கும் பாயருகில் போனைச் சார்ஜ் போட வேண்டாம், குசினியில் போடுங்கள். விடியற்காலை எழும்புவதற்கு ஒரு சிறிய மணிக்கூடு வாங்கிக்கொள்ளுங்கள். அழைப்பு மணியைத் தவிர மற்றச் செயலிகளின் சத்தங்களை நிறுத்தி வையுங்கள். டேட்டாவுக்கு மாதம் எவ்வளவு போகின்றது என்பதையும் வீட்டுக் கணக்குக் கொப்பியில் எழுதுங்கள். அந்தத் தொகையைக் கண்ணால் காணும்போது பலருக்கு ஒரு தெளிவு வருகின்றது.

வெளிநாட்டு உறவுகளோடு கதைப்பதற்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ரொறொன்ரோவில் இரவு 9 மணி என்றால் எமக்கு மறுநாள் காலை ஆறரை அல்லது ஏழரை. அவர்கள் வேலை முடிந்து இருக்கும் அந்நேரத்தில் நாம் தேநீர் குடித்தபடி கதைக்கலாம். லண்டனில் பின்னேரம் 3 மணி எமக்கு இரவு 7 அரை அல்லது 8 அரை. நள்ளிரவு வரை விழித்திருந்து எவருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

கணவனோ வளர்ந்த மகனோ விளையாட்டிலும் காசு வைத்துச் சூது ஆடும் செயலிகளிலும் மூழ்கியிருந்தால், போனைப் பறிப்பதும் உடைப்பதும் சண்டையிலேயே முடியும். அவர் விளையாடிக்கொண்டிருக்கும்போது கதைக்க வேண்டாம். பகலில், சாப்பிட்ட பின் கதையுங்கள். எந்த நேரத்தில் அதிகம் எடுக்கிறார், அதற்கு முன் என்ன நடந்தது என்று கவனியுங்கள். வேலை இல்லாத வெட்கமும், போரில் பட்ட காயத்தின் நோவும், சொல்ல முடியாத நினைவுகளும் அதற்குள் ஒளிந்திருப்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அதற்காக அடியையும் வசையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதல்ல. வன்முறை இருந்தால் 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்தை அழையுங்கள். மனம் தாங்க முடியாத நிலையில், உங்களுக்கோ வீட்டிலுள்ள ஒருவருக்கோ, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கின்றது. பிரதேச செயலகத்திலுள்ள உளவளத்துணை உத்தியோகத்தரிடமும், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலும் நேரில் கதைக்கலாம்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, போன் விட்டுச் செல்லும் நேரத்தில் எதை வைப்பது என்பது. வெறும் கையோடு இருக்கச் சொன்னால் எவராலும் முடியாது. ஒரே கட்டடத்தில் இருக்கும் நாலு பெண்கள் சேர்ந்து ஒரு சிறு சீட்டுக் கட்டலாம். தையல் ஓடர்களை ஒருவரின் அறையில் கூடி இருந்து முடிக்கலாம். பிள்ளைகளை ரியூசனுக்குக் கூட்டிச் செல்வதை முறை வைத்துப் பகிரலாம். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் சார்ந்த மாதர் குழுக்களில் சேரலாம். நகரத்துக்கு வந்த பின் கைவிட்ட பூங்கன்றுகளை இரண்டு பழைய வாளிகளில் மீண்டும் நடலாம். கன்று வைத்தவரிடம் வெட்டுத்தடி கேட்க அயலவர் வருவார். சியோல் மாநகரம் பெருந்தொகைப் பணம் ஒதுக்கி அமைக்கும் மேசையும் கதிரையும் எமக்கு ஒரு பாய் விரிக்கும் செலவுதான்.

இந்த மாதம் ஒரேயொரு காரியத்தைச் செய்து பாருங்கள். உங்கள் அறைக்குப் பக்கத்து அறையில் இருப்பவரின் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டால், கதவைத் தட்டிக் கேளுங்கள். தட்டுவதற்குக் காரணம் வேண்டுமானால் ஒரு பிடி கறிவேப்பிலை கேளுங்கள்.